ஓடுகிற டயரா, பிடிக்கிற டயரா?

நம்மாள் ஒருவர் டயர் கடைக்குள் நுழைந்தால் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?" இரண்டாவது கேள்வி, "கடைசி விலை என்ன?" மூன்றாவது கேள்வியே கிடையாது. காசைக் கட்டி டயரை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். மழை ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்குமா என்று ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. பேங்க் என்னைத் தூக்கிப் போட்ட ராய்ப்பூர், நாக்பூர், இப்போது புனே என எல்லா ஊரிலும் இதே கதைதான். தமிழன், மராட்டிக்காரன் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை :-)

கேள்வி தப்பில்லை. அதை முதலில் கேட்பதுதான் தப்பு என்பது என் கட்சி. முதலில் ஈர ரோட்டில் பிடிக்கிற டயரைத் தேர்ந்தெடுங்கள். ரொம்ப நாள் உழைக்க வேண்டும் என்ற ஆசையை டயர் கம்பெனியிடம் பாதி கேளுங்கள், மீதிப் பாதியை வாரம் ஒருமுறை காற்று பார்க்கும் உங்கள் கையிடம் கேளுங்கள்.

இதில் நமக்கென்ன தனி அக்கறை? இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் நம்மில் நிறைய பேர் இப்போது 350 சிசி, 400 சிசி, 650 சிசி வண்டி வைத்திருக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் தொங்கும்போது "பைக்கிலேயே போயிடலாமே" என்று தோன்றுகிறது. டோல்கேட்டில் பைக்குக்குக் காசும் கிடையாது. புனேயிலிருந்து பெங்களூரு சுமார் 840 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை சுமார் 435. போகவர 2,550 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சாத்தாராவுக்கு முன்னால் கம்பாட்கி காட், தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். நடுவில் ஆறு வழி, நாலு வழி என்று கண்ணுக்கெட்டிய தூரம் நேர் ரோடு. பின் சீட்டில் பெரும்பாலும் வீட்டம்மா, இரண்டு பக்கமும் பை. இத்தனையும் ரோட்டைத் தொடும் இடம் டயருக்கு ஒரு உள்ளங்கை அளவு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவ்வளவுதான் நம் சொத்து.

இந்த மாதிரி ஓட்டத்துக்கென்றே ஒரு ரகம் உண்டு, ஸ்போர்ட் டூரிங் டயர். ரேஸ் டயர் மெழுகு மாதிரி. சூடேறினால் அபாரமாகப் பிடிக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் கரைந்துவிடும். வெறும் தூரத்துக்கென்று செய்த கெட்டி டயர் கல்லு மாதிரி. உழைக்கும், ஆனால் குளிர்ந்த ஈர ரோட்டில் வழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்த பிள்ளைதான் ஸ்போர்ட் டூரிங். பிடிக்கவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும் என்பது அதன் ஜாதகம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம் படித்துவிட்டுக் கணக்கு சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு உதாரணத்துக்கு, பின் டயர் இரண்டு வகை என்று வையுங்கள். விலையும் தூரமும் என் கற்பனைதான், எந்தக் கம்பெனியையும் சொல்லவில்லை. முதல் டயர் 6,000 ரூபாய், 18,000 கிலோமீட்டர் ஓடும். இரண்டாவது 9,000 ரூபாய், 12,000 ஓடும், ஆனால் மழையில் நன்றாகப் பிடிக்கும். முதல் டயருக்குக் கிலோமீட்டருக்கு 33 பைசா, இரண்டாவதற்கு 75 பைசா. பார்த்தவுடன் "ஐயோ, இரண்டு மடங்குக்கு மேலே!" என்று தோன்றும். கடைக்காரர் முன்னால் நிற்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். வித்தியாசம் 42 பைசா. வண்டி லிட்டருக்கு 25 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் பெட்ரோலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்குதான் இந்த 42 பைசா. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 4,200 ரூபாய். நாளுக்குப் பதினொன்றரை ரூபாய், ஒரு கட்டிங் சாய். ஊருக்குப் போய்வரும் 2,550 கிலோமீட்டருக்கு 1,071 ரூபாய். வழியில் ஒரு ஹோட்டலில் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுந்தால் பில் இதைத் தாண்டிவிடும்.

சரி, அந்த 42 பைசாவுக்கு என்ன கிடைக்கும்? அதையும் கணக்காகவே பார்ப்போம். பள்ளிக்கூட இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம், டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு எண்ணைப் பொறுத்தது. அந்த எண் 0.8 என்றால் சுமார் 31.5 மீட்டர். 0.6 என்றால் 42 மீட்டர். பத்து மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு கார் நீளத்துக்கும் மேல். அதைவிட முக்கியமான விஷயம் இது. முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் எவ்வளவு வேகத்தில் இருக்கும் தெரியுமா? 40 கிலோமீட்டர் வேகத்தில். முன்னால் லாரி நின்றிருந்தால் ஒருவர் "அப்பாடா" என்று மூச்சு விடுவார். இன்னொருவர் 40-ல் போய் மோதுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் அதே 40-ல்தான் போவார்.

"ஏ.பி.எஸ் இருக்கே சார்" என்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ் கட்டாயம், ரொம்ப நல்ல விஷயம். ஆனால் ஏ.பி.எஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. டயரிடம் இருக்கும் பிடிப்பை முழுசாகச் செலவழிக்க உதவும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது. கணக்கில் பணம் இருந்தால்தானே ஏ.டி.எம் கொடுக்கும்?

எங்கள் தொழிலில் சி.ஆர்.ஆர் என்று ஒன்று உண்டு. டெபாசிட்டில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்க வேண்டும், அதற்கு ஒரு பைசா வட்டி கிடையாது. லாபக் கணக்குப் பார்க்கிறவருக்கு அது வீண். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டு வரிசையில் நிற்கும் நிலை வந்தால், கையில் எடுக்கக்கூடிய பணம்தான் வங்கியைக் காப்பாற்றும். டயரின் பிடிப்பும் அப்படித்தான். முன்னூற்று அறுபது நாள் தேவைப்படாது. தேவைப்படும் அன்று, தேவைப்படும் அந்த இரண்டு நொடியில், இருந்தே ஆக வேண்டும். தேய்மானத்தில் மிச்சம் பிடித்த காசை அந்த இரண்டு நொடியில் கொடுத்துப் பிடிப்பு வாங்க முடியாது.

"அப்போ சீக்கிரம் தேய்கிற டயரைத்தான் வாங்கணுமா?" என்று கேட்டால், இல்லை. இங்கேதான் காலம் மாறிவிட்டது. "மெத்துன்னு இருந்தா பிடிக்கும், கெட்டியா இருந்தா உழைக்கும், ரெண்டில் ஒண்ணுதான்" என்பது நம் அப்பா காலத்துச் சூத்திரம். முன்பெல்லாம் ரப்பரோடு கரித்தூளைச் சேர்த்துக் கலப்பார்கள், டயரின் கறுப்பு நிறமே அதனால்தான். பிறகு சிலிக்கா வந்தது. 1992-ல் மிஷலின் கார் டயரில் சிலிக்காவைக் கொண்டுவந்து ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. சிலிக்கா கலந்த ரப்பர் உருளும்போது அதிகம் சூடாகாமல் சிக்கனமாக இருக்கும். ஈர ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளத்தில் உரசும்போது மட்டும் சக்தியை உறிஞ்சிக்கொண்டு பிடிக்கும். அந்த வித்தை பைக் டயருக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது வித்தை, ஒரே டயரில் இரண்டு ரப்பர். நேர் ரோட்டில் நடுப்பகுதிதான் தேய்கிறது, அங்கே உழைக்கும் கலவை. வளைவில் சாயும்போது ஓரங்கள் ரோட்டைத் தொடும், அங்கே மெத்தென்ற கலவை. புனே - பெங்களூரு மாதிரி ரோட்டில் இதன் அருமை தெரியும். ஒரே ரப்பரில் செய்த டயர் நெடுஞ்சாலையில் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் கம்பாட்கி வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் முரண்டு பிடித்து, பிறகு தொபுக்கென்று விழுகிற மாதிரி சாயும். வண்டியைக் குறை சொல்லி மெக்கானிக்கிடம் போவோம். கோளாறு டயரின் வடிவத்தில் இருக்கும்.

மூன்றாவது, கோடுகள். நம்மூர் பாஷையில் பட்டன். தண்ணீரை வெளியேற்றத்தான் அவை. மிஷலின் 2018-ல் விட்ட ரோடு 5 டயரில் இந்தக் கீறல்களை மேலே ஒடுக்கமாகவும் உள்ளே அகலமாகவும் வெட்டினார்கள், தேயத் தேயத் தண்ணீர் போகும் வழி குறையாமல் இருக்க. 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகும் தங்களுடைய முந்தைய மாடலின் புது டயர் அளவுக்கு ஈர ரோட்டில் நிற்கும் என்றார்கள். 2022-ல் வந்த ரோடு 6 அதைவிட ஈரப் பிடிப்பில் 15 சதவீதம், உழைப்பில் 10 சதவீதம் கூடுதல் என்றார்கள். கம்பெனி சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம். எங்கள் லோன் விளம்பரத்தை நான் எடுத்துக்கொள்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும் :-) ஆனால் திசையைக் கவனியுங்கள். பிடிப்பும் உழைப்பும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. பிரெல்லிக்காரர்கள் 2009-ல் ஏஞ்சல் எஸ்.டி என்று ஒன்று விட்டார்கள். புது டயரின் கோடுகளில் ஒரு தேவதை முகம் தெரியும். கொஞ்சம் ஓடித் தேய்ந்ததும் அது சாத்தான் முகமாக மாறும். இந்த ரகத்தின் இரட்டைக் குணத்தை இதைவிட வேடிக்கையாகச் சொல்ல முடியாது.

வெளிநாட்டு டயர்தான் வேண்டும் என்பதில்லை. அப்போலோவின் ஆல்ஃபா எச்1, சியட்டின் ஸ்டீல் ரேடியல்கள் என்று நம் நாட்டிலேயே இப்போது ரேடியல் டயர்கள் செய்கிறார்கள். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்பும் இந்த ஆட்டத்தில் இருக்கிறது. மதுரை - மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியைத் தாண்டும்போது டி.வி.எஸ் ஸ்ரீசக்ரா ஆலையைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய யூரோகிரிப் பெயரில் ரோடுஹவுண்ட் என்ற ஸ்போர்ட் டூரிங் டயரே உண்டு. 2022-ல் தோனி அணியின் மஞ்சள் சட்டையில் பார்த்தோமே, அதே யூரோகிரிப்தான். மதுரைக்காரன் என்பதற்காகச் சிபாரிசு செய்யவில்லை. உங்கள் வண்டி அளவில் கிடைத்தால் பட்டியலில் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறேன்.

இனி கடையில் என்ன பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்தாலே போதும். கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் தினமும் சொல்கிறவன், இதையும் சொல்கிறேன்.

150/60 ஆர்17 66எச் என்று இருந்தால், 150 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம் உயரம். ஆர் என்றால் ரேடியல், 17 அங்குல ரிம். 66 என்பது சுமை எண், 300 கிலோ வரை தாங்கும். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை, எஸ் என்றால் 180. நாம் 210-ல் போகப் போவதில்லை. (போகாதீர்கள்!) ஆனால் வண்டிக் கையேட்டில் சொன்ன சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கக் கூடாது. இரண்டு பேர், பை எல்லாம் ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் ஆறு மணி நேரம் ஓடும்போது அந்த எண்தான் டயரைக் காக்கும். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று ரேடியலையும் சாதா டயரையும் கலப்பதும் வேண்டாம், வண்டிக் கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் தவிர.

அடுத்தது நான்கு இலக்க எண். 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம் செய்த டயர். இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2020 ஜூனில் பைக் டயர் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது, இப்போது லைசென்ஸ் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். அதிகம் போகாத அளவில் வெளிநாட்டு டயர் ஏதாவது கடைக் கோடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். "சார், புது ஸ்டாக்" என்பார்கள். டயரே உண்மையைச் சொல்லிவிடும், எண்ணைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ முத்திரையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பில்லில் அது இறங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, நல்ல டயர் வாங்கியாயிற்று. அதை எப்படி அதிக நாள் ஓட்டுவது? எங்கள் குடியிருப்பில் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் கரூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் வந்து, "அண்ணே, இந்த டயர் இருபதாயிரம் ஓடுமாம்ணே" என்றார்.

"எந்த ரோட்டுல தம்பி? எவ்வளவு காத்துல?"

"அதெல்லாம் சொல்லலண்ணே."

"நீங்க கடைசியா எப்ப காத்து பாத்தீங்க?"

தம்பி சிரித்துவிட்டார். சர்வீஸ் விட்டபோது பார்த்ததாம். சர்வீஸ் விட்டது மூன்று மாதத்துக்கு முன்னால்!

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அதனால் சூடாகும், சூட்டால் சீக்கிரம் தேயும், வளைவில் தளும்பும். காற்று அதிகமானால் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொட்டு அங்கேயே தேயும், உள்ளங்கை இன்னும் சுருங்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு என்று போட்டிருக்கும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, காலையில், வாரம் ஒருமுறை பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம். சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அது இலவசம் :-)

புது டயர் மாட்டியதும் முதல் 150 கிலோமீட்டருக்கு நிதானமாகப் போங்கள், மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். பஞ்சர் ஆனால் வழியில் கயிறு மாதிரி ஒன்றைச் சொருகுவார்கள். அது வீடு வந்து சேரத்தான். பிறகு டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து சரியாக ஒட்டுங்கள். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஒட்டு வேலையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எப்போது மாற்றுவது? கோடுகளுக்கு நடுவே சின்ன மேடாகத் தேய்மானக் குறி இருக்கும், பைக் டயரில் பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டர் உயரம். அதுவரை ஓட்டலாம் என்பது கடைசி எல்லை, நல்ல எல்லை அல்ல. கடன் 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன், ஆனால் 60-வது நாளே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதே போல மே மாதக் கடைசியில் ஆழம் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஜூன் முதல் மழையில் புனே ரோட்டில் எண்ணெயும் புழுதியும் குழைந்து நிற்கும். மொட்டை டயரில் அதன்மேல் போவது சோப்பு நுரையில் நடப்பதுதான். இன்னும் ஆறு வாரம் ஓட்டி மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இங்கே ஓடும் வண்டியின் டயரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஊரில் அப்பா வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறதே? மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடாது. பட்டன் புதுசு மாதிரி இருக்கும். போன பொங்கலுக்குப் போனபோது எங்கள் அப்பா வண்டியின் டயரைத் துடைத்துப் பார்த்தேன். 2214. அதாவது 2014-ன் 22-வது வாரம்.

"மாத்திரலாம்ப்பா" என்றேன்.

"பட்டன் அப்படியே இருக்கேடா, எதுக்குக் காச கரியாக்குற?"

"நகத்த வச்சு அழுத்திப் பாருங்கப்பா."

அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் வேறு. ரப்பர் ஓடித் தேய்வது ஒரு சாவு, நின்றுகொண்டே கெட்டியாவது இன்னொரு சாவு. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதன் மென்மையை உறிஞ்சிவிடும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் பரிசோதிக்க வேண்டும், பத்து வருஷம் ஆனால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. வெள்ளிக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போவது அந்த வண்டியில்தான். அன்று சாயங்காலமே இரண்டு டயரையும் மாற்றினோம். "நல்லா மெத்துன்னு போகுதுடா" என்று மறுநாள் அப்பாவே சொன்னார்.

எனவே நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் ஓட்டம் ஆபீஸும் வருஷத்துக்கு இரண்டு முறை ஊரும் என்றால், உங்கள் வண்டி அளவுக்குக் கிடைக்கும் ஸ்போர்ட் டூரிங் ரேடியலில் ஈரப் பிடிப்புக்கு நல்ல பெயர் எடுத்ததைப் பாருங்கள். அதில் இரண்டு சமமாக இருந்தால், அப்போது கேளுங்கள் "எவ்வளவு ஓடும்" என்று. மாதா மாதம் மண் ரோட்டில் போகிறவர் என்றால் இந்த ரகமே உங்களுக்கில்லை, பெரிய பட்டன் டயர் வேறு இருக்கிறது. பின் டயர் முதலில் தேயும், அதற்காக முன் டயரை மறந்துவிடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால்தான் சாய்கிறது.

பெட்ரோல் விலை நம் கையில் இல்லை. ரோடு நம் கையில் இல்லை. எதிரே வருகிறவர் சுத்தமாக நம் கையில் இல்லை. டயர் மட்டும் நாம் பார்த்து, கேட்டு, காசு கொடுத்து வாங்குவது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியில் முறுக்குக்கும் பக்கர்வடிக்கும் பக்கத்தில் ஒரு காற்று மானியும் வையுங்கள். அப்பா வண்டிக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பி.கு: "150-க்குப் பதிலா 160 போட்டா கெத்தா இருக்கும்ணே" என்று கேட்கும் தம்பிகளுக்கு: அதே ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் வளைவு வடிவம் மாறிவிடும், சாயும் குணம் கெட்டுவிடும். கெத்து வேண்டுமென்றால் நல்ல ஹெல்மெட்டாக வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து, இரண்டாக.